முப்பத்தோராம் கிலோமீட்டரில் ஒரு வணக்கம்

2021 அக்டோபர் 12, செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றே கால் மணிக்கு, சியாபாஸ் மலைநாட்டின் ஹோல்விட்ஸ் ஊர்ச் சந்தையில், தக்காளிக் கடைக்கும் கருவாட்டுக் கடைக்கும் நடுவில், மேல்கரையைச் சேர்ந்த மாத்தேயோ தூக்ஸ் முகத்தில் இரண்டு முறை சுடப்பட்டு இறந்தார். வயது நாற்பத்தொன்று. அன்று இருட்டுவதற்குள் கீழ்க்கரையில் ஏழு வீடுகள் எரிந்தன.

சண்டை யாஷ்டூனுக்காக. ஹோல்விட்ஸைத் தாண்டிப் பதினான்கு கிலோமீட்டரில் காட்டுக்குள் இருக்கும் பழைய கோயில் இடிபாடுகள் அவை. வாசலில் உள்ள டிக்கெட் கூண்டும் வண்டி நிறுத்தும் இடமும் எட்டு வருடமாகக் கீழ்க்கரைக்காரர்கள் கையில் இருந்தன. செப்டம்பரில் மேல்கரைக்காரர்கள் துப்பாக்கியோடு வந்து இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். ஓடை ஒன்றுதான் இரு கரைகளுக்கும் இடையில். மொழி ஒன்று, கோயில் ஒன்று. சட்டையின் கைப்பட்டியில் போடும் பூவேலை மட்டும் வேறு.

வியாழக்கிழமை காலை சான் கிறிஸ்தோபல் நகரத்தில், மஞ்சள் பேராலயத்தின் பின்தெருவில், ஆந்தெல் ஷிலோன் வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாஷ்டூனுக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போவது அவர் பிழைப்பு. ஒன்பது நாளாக வண்டி நகரவில்லை. பக்கத்தில் நின்று சோள மாவுக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்த நிகாந்த்ரோவும் அதே பாதையில் வேன் ஓட்டுபவர்.

"ரோடு திறந்துட்டானுங்க ஆந்தெல். நேத்து சாயங்காலம் நானே போயிட்டு வந்தேன். தலைக்கு அம்பது பெசோ. வாங்கிட்டு ஆணிப் பலகைய இழுத்து விடுறானுங்க."

"சுட்டவனப் புடிச்சாச்சா?"

"போலீசா? ஊர் எல்லையில நின்னு போட்டோ எடுத்தாங்க. ஜீப்பத் திருப்பிட்டாங்க."

"நான் எந்தக் கரைன்னு எவனாவது கேட்டா?"

நிகாந்த்ரோ அவரை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். "போட்டிருக்கிற சட்டையப் பாரு. தோத்த டீம் சட்டை. உன்னைக் கடத்திட்டுப் போனா திருப்பிக் கேக்கவும் ஆள் வராது."

"கிண்டல் பண்ணாத. கேட்டதுக்குச் சொல்லு."

"டவுன்காரன்னு சொல்லு. அடையாள அட்டையில டவுன் விலாசம்தானே இருக்கு? ஸ்பானிஷ்லயே பேசு. வாயில நம்ம சோட்சில் பாஷை ஒரு வார்த்தை வரக்கூடாது. அவ்வளவுதான்."

ஆந்தெல் கீழ்க்கரையில் பிறந்தவர். ஊரை விட்டு வந்து பதினோரு வருடம் ஆகிறது. ஹோல்விட்ஸ் சந்தையில் அவர் முகம் தெரிந்த கிழவிகள் இருக்கலாம். சாலையில் துப்பாக்கியோடு நிற்கும் வயதுப் பையன்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஒருவனைத் தவிர. இறந்துபோன அக்காவின் ஒரே மகன் லோல். இரண்டு வருடத்துக்கு முன் மேல்கரைப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, வழக்கப்படி மாமனார் வீட்டில் இருந்து அவர்களுக்கு உழைக்கப் போனவன். சண்டை தொடங்கியபின் அவனிடமிருந்து போன் வரவில்லை. ஆந்தெலுக்கு உடன்பிறந்தவர் பிள்ளை என்று வேறு யாரும் கிடையாது.

அன்றைக்கு இரண்டே பயணிகள். புவேப்லா நகரத்தில் மருந்துக் கடை வைத்திருந்து ஓய்வு பெற்ற ஒஃபேலியா பர்ரகானும் அவர் கணவரும். எட்டே முக்காலுக்குக் கிளம்பினார்கள்.

ஹோல்விட்ஸ் சதுக்கத்துக்குள் வேன் நுழைந்தபோது மணி பத்தரை. வியாழன் பெரிய சந்தை நாள். ஆனால் வளைவு மண்டபத்துக்குக் கீழே ஒரு கடைகூட விரிக்கப்படவில்லை. கோழிக் கூண்டுகள் கவிழ்ந்து கிடந்தன. தக்காளி மிதிபட்டுக் கல்தரையில் காய்ந்து ஒட்டியிருந்தது. ஓரிடத்தில் மட்டும் சுண்ணாம்புத் தூள் அகலமாகக் கொட்டப்பட்டிருந்தது. அதன்மேல் நாய் ஒன்று முகர்ந்துகொண்டு நின்றது.

"கொஞ்சம் நிறுத்துங்களேன், அந்தக் கோயில் முகப்ப மட்டும் ஒண்ணு எடுத்துக்கிறேன்" என்றார் ஒஃபேலியா.

"இன்னைக்கு வேண்டாம்மா. போனையும் மடியிலயே வச்சுக்குங்க."

"ஏன், எடுக்கக் கூடாதா?"

"கூடாது."

அந்த இடத்திலேயே திரும்பிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. பின்காட்டும் கண்ணாடியில் பார்த்தார். அவர்கள் வந்த வழியில், பள்ளிக்கூட மூலையில், நான்கு பேர் ஒரு பெரிய மரக்கட்டையைச் சாலைக்குக் குறுக்கே உருட்டிக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் முன்னால் போனார்.

முப்பத்தோராம் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில் எரிந்த பிக்கப் ஒன்று இன்னும் புகைந்துகொண்டிருந்தது. டயர் வாடை. சாலைக்குக் குறுக்கே ஆணி அடித்த பலகை. முப்பது பேருக்குக் குறையாமல் கம்பளி முகமூடியோடு நின்றார்கள். சிலரிடம் நீளத் துப்பாக்கி, மற்றவர்களிடம் வெட்டுக்கத்தி, ஓக் மரத் தடி. ஒருவன் மட்டும் முகமூடி போடவில்லை. ஐம்பது வயது, மூக்குக் கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை. முன்பு கிராமப் பள்ளியில் வேலை பார்த்தவன் என்பதால் எல்லோரும் அவனை வாத்தி என்றார்கள்.

வேனுக்கு முன்னால் விறகு லாரி ஒன்று நின்றது. அதன் ஓட்டுநரைக் கீழே இறக்கியிருந்தார்கள். முப்பது வயது இருக்கும். பழைய ஸ்வெட்டர் போட்டிருந்தான். வாத்தி அவன் கையைப் பிடித்து ஸ்வெட்டரை முழங்கை வரை மேலே தள்ளினான். உள்ளே சட்டைக் கைப்பட்டியில் ஊதாப் பூ.

"கீழ்க்கரைப் பூ" என்றான் வாத்தி. பள்ளியில் பிள்ளைகளுக்குக் காட்டுவதுபோல அந்தக் கையை உயரத் தூக்கிச் சுற்றியிருந்தவர்களுக்குக் காட்டினான்.

"என் பொண்டாட்டி தச்சதுங்க. நான் விறகு ஏத்த மட்டுந்தான் வந்தேன். மாத்தேயோவ எனக்கு..."

முதல் வெட்டு உயர்த்திப் பிடித்த கையிலேயே விழுந்தது. அவன் ஓடவில்லை, தொங்கிய கையை மறுகையால் ஏந்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான். இரண்டாவது கழுத்தில். அவன் சாய்ந்த பிறகும் இரண்டு பேர் மாறி மாறி வெட்டினார்கள். விறகு பிளக்கும்போது வருகிற அதே மூச்சுச் சத்தம் அவர்களிடமிருந்து வந்தது. பிறகு உடலைக் காலைப் பிடித்து இழுத்து எரிந்த பிக்கப்புக்குப் பின்னால் போட்டார்கள். ரத்தம் சாலையின் சரிவில் வேனின் முன்சக்கரம் வரை வந்தது.

பின்னிருக்கையில் ஒஃபேலியாவின் கணவர் வாந்தி எடுத்தார்.

வாத்தி ஓட்டுநர் பக்கத்து ஜன்னலுக்கு வந்தான். ஆந்தெலின் அடையாள அட்டையை வாங்கி இருபுறமும் பார்த்தான். "ஷிலோன். இது டவுன் பேரு இல்லையே."

"எங்க அப்பா வச்சிட்டுப் போன பேருங்க. நான் டவுன்லயே பொறந்தவன்."

வாத்தி சோட்சில் மொழிக்கு மாறினான். "எந்தக் கரைடா நீ?"

"எனக்கு அந்த பாஷை வராதுங்க."

வாத்தி தலையாட்டினான். பக்கத்தில் நின்றவனிடம் திரும்பி, அதே மொழியில், குரலை மாற்றாமல் சொன்னான்: "அவன் கால் பக்கத்துல, கதவு இடுக்குல பாரு, கட்டுவிரியன்."

ஆந்தெலின் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கின. கால் நகரவில்லை. கண் வாத்தியின் மூக்குக் கண்ணாடியை விட்டுப் போகவில்லை. எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தெரியாது. வாத்தி அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

"நூத்தம்பது குடுத்துட்டுப் போ. டேய், ஒருத்தன் போய்க் காச வாங்கு. பலகைய இழுங்க."

கூட்டத்திலிருந்து ஒருவன் தடியைத் தோளில் சாய்த்தபடி வந்தான். வலது காலைச் சற்று இழுத்து நடந்தான். எட்டு வயதில் காபிச் சாக்கு விழுந்து ஒடிந்த கால் அது. நாட்டு வைத்தியர் கட்டுப் போட்டபோது ஆந்தெல்தான் அவனைப் பிடித்துக்கொண்டிருந்தார். முகமூடியின் ஓட்டைகளில் தெரிந்த கண்கள் அவரைப் பார்த்ததும் அகன்றன. ஆந்தெல் பார்வையை ஸ்டியரிங் மீது வைத்துக்கொண்டார். வாங்கிட்டுப் போயிடுடா. வாங்கிட்டுப் போயிடு.

நூற்றைம்பது பெசோவை ஜன்னல் வழியாக நீட்டினார். லோல் வாங்கினான். வாங்கியவன் தலையைக் குனிந்தான்.

ஹோல்விட்ஸில் சின்னவர்கள் பெரியவர்களைக் கண்டால் அப்படித்தான் குனிவார்கள். பெரியவர் புறங்கையால் நெற்றியைத் தொட்டுவிடுவார். நடக்கப் பழகிய நாளிலிருந்து செய்வது. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை செய்வது. லோலின் தலை தானாகக் குனிந்தது. ஆந்தெலின் வலது கை தானாக எழுந்து, புறங்கை அவன் நெற்றிமேல் இருந்த கம்பளியைத் தொட்டது. வியர்வையில் அது சூடாக இருந்தது.

தொட்ட பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. கையை எடுத்துக்கொள்ள ஒரு நொடி போதும். அதற்குள் யாரோ சிரித்துவிட்டான்.

"ஏய், பாருங்கடா, பிஷப்புகிட்ட ஆசீர்வாதம் வாங்குறான்!"

முகமூடி போட்டபின் யாரும் யாருக்கும் வணக்கம் சொல்லக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது அங்கே முதல் விதி. வாத்தி மெதுவாகத் திரும்பி வந்தான்.

"யாருடா அது உனக்கு?"

"யாருமில்ல."

"யாருமில்லாதவனுக்கா குனிஞ்ச?"

"வயசானவரு... பழக்கத்துல..."

"எனக்குந்தான் வயசாச்சு. காலையில இருந்து எனக்கு ஒருத்தன்கூடக் குனியலையே." கூட்டம் சிரித்தது. வாத்தி சிரிக்கவில்லை. ஜன்னலுக்குள் குனிந்து ஆந்தெலைப் பார்த்தான். "இவனுக்குக் குனியத்தான் தெரியும்னு வச்சுக்குவோம். டவுன்ல பொறந்த உனக்கு நெத்தியத் தொட யாரு சொல்லிக் குடுத்தது?"

கதவைத் திறந்து அவரை இழுத்துப் போட்டார்கள். முழங்கால் தாரில் உரசியது. யாரோ முதுகில் உதைத்தான். ஆந்தெல் ஸ்பானிஷிலேயே சொன்னார்: "எனக்கு இந்தப் பையன யாருன்னே தெரியாதுங்க."

"உனக்கு?" என்றான் வாத்தி, லோலிடம்.

"தெரியாது."

"நல்லதாப் போச்சு. தெரியாத ஆள அடிக்கிறதுல ஒரு கஷ்டமும் இருக்காது." கீழே கிடந்த ரத்தத்தைக் காலால் காட்டினான். "மாத்தேயோவுக்கு ஒண்ணு கணக்குத் தீர்ந்தாச்சு. இது வட்டி. நீ அடிக்கிறியா, இல்ல ரெண்டு பேரையும் சேத்து நாங்க அடிக்கவா?"

லோல் தடியை இரு கையாலும் பிடித்தான். முதல் அடி தோளில் விழுந்தது.

"தூசி தட்டுறியா?" என்று ஒருவன் கத்தினான். "மாப்ள, உன் மாமியாரு கோழிய அடிக்கிறதே இதைவிடப் பலமா இருக்கும்!"

இரண்டாவது முழங்காலில். எலும்பு உடைந்த சத்தம் ஆந்தெலுக்குத் தன் காலிலிருந்து அல்ல, வெளியே எங்கிருந்தோ வந்ததுபோல் கேட்டது. மூன்றாவது விலாவில். நான்காவது தாடையில் விழுந்ததும் வாய் நிறைய ரத்தமும் பல்லும் வந்தன. அதற்குப் பிறகு அவர் எண்ணவில்லை. தடி விழுந்துகொண்டே இருந்தது. இடுப்பில், கையில், திரும்பவும் விலாவில். சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். யாரோ, "போதும்டா" என்றான். லோல் நிறுத்தவில்லை. கடைசியில் தடியை எறிந்துவிட்டுக் குனிந்து அவர் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினான். முகமூடியின் வாய் ஓட்டை அவர் காதருகே வந்தது.

"மூச்சு விடாதீங்க மாமா."

தலையைக் கீழே போட்டான். "முடிஞ்சுது" என்று வாத்தியிடம் சொன்னான். காலைப் பிடித்துச் சாலையோரம் வரை இழுத்துப் போய், காலாலேயே தள்ளிச் சரிவில் உருட்டினான். உடைந்த முழங்கால் பாறைகளில் மோதியபோதும் ஆந்தெல் கத்தவில்லை. கத்த வாய் திறக்கவில்லை. மேலே இருந்து யாரோ ஒருமுறை சுட்டான். குண்டு தொடையில் நுழைந்து மறுபக்கம் போனது.

ஒஃபேலியாவையும் அவர் கணவரையும் நடந்தே திரும்பிப் போகச் சொன்னார்கள். வேனைக் கொளுத்தினார்கள். ஒஃபேலியாவின் போனை யாரும் கேட்கவில்லை. கைப்பைக்கும் முழங்காலுக்கும் இடையில், ஓட்டுநர் ஜன்னல் பக்கமாக, அது ஒரு நிமிடம் ஐம்பது நொடி படம் பிடித்திருந்தது.

அன்று மாலை நான்கு மணிக்குப் பிணங்களை எடுக்க வந்த ஆம்புலன்ஸ்காரர்கள், சரிவில் கிடந்தவருக்கு நாடி இருப்பதைக் கண்டார்கள்.

திங்கட்கிழமை, தாடையைக் கம்பியால் கட்டி, காலில் இரும்புக் கூடு பொருத்திய பிறகு, விசாரணை அதிகாரி மருத்துவமனைக்கு வந்தார். வடக்கே இருந்து மாற்றலாகி வந்தவர். கூடவே சோட்சில் மொழிபெயர்ப்புக்கு ஓர் இளம்பெண். ஆந்தெலிடம் பலகையும் பேனாவும் கொடுத்தார்கள்.

"உங்கள அடிச்சவன் யாருன்னு தெரியுமா?"

ஆந்தெல் இடது கையால் எழுதினார்: எல்லாரும் முகமூடி.

அதிகாரி போனில் படத்தை ஓடவிட்டு ஓரிடத்தில் நிறுத்தினார். "இங்க பாருங்க. அவன் குனியுறான். நீங்க அவன் தலையத் தொடுறீங்க. இது என்ன?"

ஆந்தெல் எழுதினார்: காசு கொடுத்தேன்.

அதிகாரி மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். அவள் படத்தையும் கட்டிலில் கிடந்தவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுடைய சட்டையில் இரண்டு கரைப் பூவும் இல்லை, பக்கத்து ஊர்க்காரி. ஆனால் அவளும் அன்று காலை தன் பெரியப்பாவுக்குக் குனிந்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"காசு வாங்கக் குனிஞ்சிருப்பான் சார்" என்றாள்.

அதிகாரி அப்படியே குறித்துக்கொண்டார்.

அதே நேரத்தில் அந்தப் படத்தை மூன்று லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். புவேப்லா போய்ச் சேர்ந்த இரவே ஒஃபேலியா அதை வெளியிட்டிருந்தார். தன் கண்முன்னால் ஓர் அப்பாவி ஓட்டுநர் அடித்துக் கொல்லப்பட்டதாகவும், நீதி வேண்டும் என்றும் எழுதியிருந்தார். குனிந்த இடத்தில் ஒரு சிவப்பு வட்டம் போட்டு, இந்த மிருகம் ஏன் தலைவணங்குகிறது, யாருக்காவது தெரியுமா என்று கேட்டிருந்தார்.

ஆந்தெலின் மனைவி பாஷ்கு போன் செய்தாள். "எடுத்துடுங்கம்மா, தயவு செஞ்சு. அவரு உசுரோட இருக்காரு."

ஒஃபேலியா அழுதார். உடனே எடுத்துவிட்டார். அதற்குள் அது ஊரில் எல்லோருடைய போனிலும் இருந்தது. மேல்கரையில் ஆந்தெலுக்குத் தலை குனியக்கூடியவன் ஒருவன்தான். காலை இழுத்து நடப்பவனும் ஒருவன்தான். கீழ்க்கரையில் அதைக் கண்டுபிடிக்க யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

புதன்கிழமை சித்தப்பா மகன் மன்வேல் இரண்டு பேரோடு வார்டுக்கு வந்தான். தொப்பியைக் கழற்றிக் கட்டிலருகே வந்து தலையைக் குனிந்தான். ஆந்தெல் இடது புறங்கையால் தொட்டார்.

"தாய்மாமன இப்படி அடிச்சவன் மனுசனே இல்லண்ணே. சாமி கும்பிடுற மாதிரி கும்பிட்டுட்டு அடிச்சிருக்கான் பாருங்க. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. நாங்க இருக்கோம்."

ஆந்தெல் பலகையை இழுத்து அவசரமாக எழுதினார்: வேண்டாம். அவன் என்னைக் காப்பாற்றினான்.

மன்வேல் எழுத்துக் கூட்டி இரண்டு முறை வாசித்தான். மற்ற இருவருக்கும் சொன்னான். அவர்களில் ஒருவன் கால் கூட்டைப் பார்த்தான், கம்பி கட்டிய வாயைப் பார்த்தான்.

"காப்பாத்தினானா? தாடைய உடைச்சா?"

ஆந்தெல் பேனாவால் அந்த வரிக்குக் கீழே கோடு போட்டார். திரும்பவும் போட்டார். தொண்டையிலிருந்து ஏதோ சத்தம் வந்தது. கம்பிக்கிடையில் எச்சிலும் ரத்தமும் வழிந்தன. பாஷ்கு ஓடி வந்து துடைத்தாள்.

"காப்பாத்தத்தான் அடிச்சானாம். காதுல சொன்னானாம்" என்றாள் அவள். "எங்கிட்டயும் எழுதிக் காட்டினாரு."

"மருந்து மயக்கம் மதினி" என்றான் மன்வேல். "இல்லன்னா அக்கா மகன்னு பாசம். படத்த நாங்க பாத்தோம்ல. இருபத்திரண்டு அடி. எண்ணிட்டோம். அத்தனையுமா காப்பாத்துறதுக்கு?"

ஆந்தெல் அவன் சட்டைக் கையைப் பிடித்தார். மன்வேல் விரல்களை ஒவ்வொன்றாக மென்மையாக விடுவித்து, போர்வைமேல் வைத்தான். "ஓய்வெடுங்கண்ணே" என்றான். தொப்பியைப் போட்டுக்கொண்டு மூவரும் போனார்கள்.

பாஷ்கு லோலின் மனைவி வீட்டுக்குப் போன் செய்தாள். கீழ்க்கரை எண் என்று பார்த்ததும் துண்டித்தார்கள். நான்கு முறை செய்தாள். ஐந்தாவது முறை எண் அணைக்கப்பட்டிருந்தது.

அக்டோபர் 24, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, லோரென்ஸோ தூக்ஸ் ஷிலோன், வயது இருபத்திரண்டு, மாமனாரின் காபித் தோட்டத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் நான்கு குண்டுகள் பட்டு இறந்து கிடந்தான். ஊரில் அவனை லோல் என்று கூப்பிட்டார்கள்.

ஆந்தெலின் தாடைக் கம்பியை டிசம்பர் 2 அன்று எடுத்தார்கள். அடுத்த வாரம் அவர் ஊன்றுகோலோடு விசாரணை அலுவலகத்துக்குப் போய், தன்னை அடித்தவன் அக்கா மகன் என்றும், உயிரைக் காப்பாற்றுவதற்காகவே அடித்தான் என்றும் வாக்குமூலம் கொடுத்தார். அதே மொழிபெயர்ப்பாளர் எழுதிக்கொண்டாள். தாக்கியவரின் அடையாளம் உறுதியாகிவிட்டதாலும், அவர் இறந்துவிட்டதாலும், தாக்குதல் வழக்கின் கோப்பு டிசம்பர் 20 அன்று மூடப்பட்டது.